சரளையும் சதுப்பும்: ரை துறைமுகம் தூர்ந்த வரலாறு

1. கேள்வி

இங்கிலாந்தின் தென்கிழக்கே, கிழக்கு சசெக்ஸ் மாவட்டத்தில், ஒரு மணற்பாறைக் குன்றின்மேல் அமைந்திருக்கிறது ரை என்னும் சிற்றூர். ராதர், பிரீட், டில்லிங்ஹாம் ஆகிய மூன்று ஆறுகளும் அந்தக் குன்றின் அடிவாரத்தில் கூடுகின்றன. இடைக்காலத்தில் குன்றை ஏறக்குறைய முழுவதுமாகக் கடல்நீர் சூழ்ந்திருந்தது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் சசெக்ஸ் கரையின் முதன்மையான துறைமுகம் இதுதான். இன்று கடல் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இடைப்பட்ட தரையில் செம்மறிகள் மேய்கின்றன.

இது எப்படி நேர்ந்தது என்று கேட்டால், கடல் விலகிவிட்டது என்ற பதிலைத்தான் பயணிகளுக்கான கையேடுகள் தருகின்றன. அந்தப் பதிலில் செயல் முழுவதும் கடலுக்கே உரியதாகிவிடுகிறது; மனிதர் வெறும் சாட்சிகளாக நிற்கிறார்கள். ஆவணங்களோ வேறு கதையைச் சொல்கின்றன. சதுப்பை அடைத்து மேய்ச்சல் நிலமாக்கிய நிலவுடைமையாளர்களே துறையைக் கொன்றார்கள் என்று ரையின் நகரவை தலைமுறை தலைமுறையாக முறையிட்டது. பொருளியல் வரலாற்றாளர்கள் மூன்றாவது விளக்கம் ஒன்றை முன்வைக்கிறார்கள்: வணிகம் சரிந்தபின் துறையைப் பேண ஆளும் இல்லை, பணமும் இல்லை. இம்மூன்று விளக்கங்களையும் சான்றுகளோடு உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. புயல் தந்த துறை

ரையின் புவியியலைப் புரிந்துகொள்ள மேற்கே ஃபேர்லைட் குன்றுகளிலிருந்து தொடங்க வேண்டும். இக்கரையில் தென்மேற்குக் காற்றே வலியது. அது எழுப்பும் அலைகள் கரைக்குச் சாய்வாக வந்து மோதி, சரளைக் கற்களைச் சிறுகச் சிறுகக் கிழக்கே தள்ளுகின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்த இந்த நகர்வு, ஃபேர்லைட்டிலிருந்து ஹைத் வரை நீண்ட சரளை வரப்பு ஒன்றை உருவாக்கியது. அதன் பின்னால் ஒதுங்கிய அமைதியான நீரில் வண்டல் படிந்து ராம்னி சதுப்பு வளர்ந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய சரளை முனைகளுள் ஒன்றான டஞ்சனஸ் இதே இயக்கத்தின் விளைவு.

13ஆம் நூற்றாண்டில் இந்த வரப்பு உடைந்தது. 1250ஆம் ஆண்டுப் புயல் ரைக்கு அண்டையிலிருந்த வின்செல்சி நகரைத் தாக்கியதை அக்காலத் துறவி மேத்யூ பாரிஸ் பதிவுசெய்திருக்கிறார். 1252இல் மீண்டும் புயல் வந்தது. 1287ஆம் ஆண்டுப் பெரும்புயல்களோடு, சரளைத் திட்டின்மேல் இருந்த பழைய வின்செல்சி அழிந்தது. முதலாம் எட்வர்ட் அருகிலிருந்த குன்றின்மேல், நேர்த்தெருக்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும்படி திட்டமிட்டுப் புதிய வின்செல்சியை நிறுவினார். ராம்னிக்கு அருகே கடலில் கலந்துகொண்டிருந்த ராதர் ஆறு, அதன்பின் ரை வழியாகக் கடலை அடைந்தது.

ஒரே இரவில் ஆறு இடம்பெயர்ந்ததாகச் சொல்லும் வழக்கமான கதையை அப்படியே ஏற்பதற்கில்லை. ராம்னித் துறை மண் மேடிட்டு வந்ததால், அதை அலசிச் செல்ல நீர் கொண்டுவரும் பொருட்டு ரீ எனப்படும் கால்வாயை நீட்டிக்க 1258லேயே அரச ஆணை பிறந்துவிட்டது. கடைசிப் புயலுக்கு ஒரு தலைமுறை முன்பே ஆறு தன் பழைய வழியில் தளர்ந்திருந்தது என்பதற்கு இது சான்று. ராம்னி சதுப்பை நெடுங்காலம் ஆராய்ந்த ஜில் எடிசன் போன்றோர், ஒரு புயலின் தாக்கமாக அல்லாமல், வரப்பு பலவீனப்பட்டு உடைந்து உள்நிலம் கடலுக்குத் திறந்துவிடப்பட்ட நீண்ட நிகழ்வாகவே 13ஆம் நூற்றாண்டைப் பார்க்கிறார்கள்.

வரப்பில் விழுந்த அந்த உடைப்பின் வழியே கடல் உள்ளே புகுந்து, ரைக்கும் வின்செல்சிக்கும் முன்னால் பரந்த ஓதநீர்ப் பரப்பாக விரிந்தது. கேம்பர் என்று பெயர்பெற்ற அந்த நீர்ப்பரப்புதான் பெரும் கப்பல்கள் காற்றுக்கு ஒதுங்கி நங்கூரமிட்ட இடம். ஆகவே ரையின் பொற்காலத் துறை, தொன்றுதொட்டு அங்கே இருந்த ஒன்றல்ல. அண்டை நகரை அழித்த அதே பேரிடர்தான் ரைக்கு அதை வழங்கியது. உடைந்த வரப்பைச் சரளை மறுபடியும் அடைக்க முயலும் என்பது அந்தக் கொடையோடு சேர்ந்தே வந்த விதி.

3. துறையின் உயர்வு

நார்மானியப் படையெடுப்புக்கு முன்பே ரை நார்மண்டியின் ஃபெக்காம் மடத்துக்குக் கொடையாகத் தரப்பட்டிருந்தது. பிரான்சோடு பகை முற்றிய காலத்தில், நுழைவாயிலான ஒரு துறை அந்நிய மடத்தின் கையில் இருப்பது ஆபத்து என்று கருதிய மூன்றாம் ஹென்றி, 1247இல் வேறு நிலங்களை மாற்றாகக் கொடுத்து ரையையும் வின்செல்சியையும் மீட்டார்.

ஹேஸ்டிங்ஸ், ராம்னி, ஹைத், டோவர், சாண்ட்விச் ஆகிய ஐந்து துறைகளின் கூட்டமைப்பு மன்னருக்கு ஆண்டுக்கு 15 நாள் 57 கப்பல்களைத் தன் செலவில் தரக் கடமைப்பட்டிருந்தது. ஒவ்வொரு கப்பலிலும் 21 ஆட்களும் ஒரு சிறுவனும் இருக்க வேண்டும். பதிலுக்கு வரிவிலக்கும் தம் வழக்குகளைத் தாமே விசாரிக்கும் உரிமையும் அத்துறைகளுக்குக் கிடைத்தன. ஹேஸ்டிங்ஸின் பங்கான 21 கப்பல்களில் வின்செல்சி 10ஐயும் ரை 5ஐயும் கொடுத்தன. துணைத் துறைகளாகச் சேர்ந்த இவ்விரண்டும் பின்னர் மூல ஐந்துக்கு நிகரான மதிப்பைப் பெற்றன.

எல்லைப்புறத் துறை என்பதற்குரிய விலையையும் ரை கொடுத்தது. 1377இல் பிரெஞ்சுப் படை நகரைக் கொளுத்திச் சென்றது. தேவாலய மணிகள்கூடக் கொள்ளைபோய், மறு ஆண்டில் மீட்டுக் கொண்டுவரப்பட்டன என்பது ஊர் மரபு. வின்செல்சியின் கீழ்த்தளக் கிடங்குகள் காஸ்கனி திராட்சை மது வணிகத்தின் எச்சங்களாக இன்றும் இருக்கின்றன. ஆனால் பிரீட் ஆற்றில் உள்தள்ளி இருந்த வின்செல்சி முதலில் தூர்ந்தது. அதன் வணிகமும் ரைக்கு வந்து சேர்ந்தது.

ட்யூடர் காலத்தில் ரையிலிருந்து மரமும் விறகும் வீல்ட் பகுதியின் இரும்பும் கப்பலேறின. நார்மண்டியின் தியெப் துறைக்குப் பயணிகள் சென்றுவந்தார்கள். மீனைப் பொதிகுதிரைகளில் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லண்டனுக்கு விரையும் தனித் தொழிலாளர் கூட்டமே இருந்தது. அரண்மனை அடுக்களைக்கும் ரை மீன் போயிற்று. ட்யூடர் கால ரையைப் பற்றி 1987இல் விரிவான நூலை எழுதிய கிரஹாம் மேஹ்யூ, 16ஆம் நூற்றாண்டின் நடுவில் நகரின் மக்கள்தொகை ஐயாயிரத்தை ஒட்டியிருந்தது என்று கணிக்கிறார். இன்றும் அந்த எண்ணிக்கை ஐயாயிரத்தைத் தாண்டவில்லை.

4. ஓதத்தின் கணக்கு

நகரவையின் குற்றச்சாட்டை எடைபோட, ஒரு கழிமுகத் துறை எப்படித் தன்னைத்தானே தூர்வாரிக்கொள்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் இருமுறை ஓதம் ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. ஏறும் நீர் துறையின் கால்வாயில் மட்டும் நிற்பதில்லை. சுற்றியுள்ள சதுப்பிலும் பரவித் தேங்குகிறது. வற்றும்போது அவ்வளவு நீரும் குறுகிய வாய் வழியே கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அந்த வேகம் வாயில் படியும் மணலையும் வண்டலையும் அரித்து வெளியே தள்ளுகிறது.

ஒரு சதுர கிலோமீட்டர் சதுப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் ஏறினால் அது 10 லட்சம் கன மீட்டர். அந்தச் சதுப்பைக் கரைகட்டி அடைத்துவிட்டால், ஒவ்வொரு ஓதத்திலும் துறையின் வாயை அலசிச் சென்ற 10 லட்சம் கன மீட்டர் நீர் இல்லாமல் போகிறது. அடைத்த நிலத்தின் உரிமையாளருக்குச் செழிப்பான மேய்ச்சல் கிடைக்கிறது. இழப்போ பல மைல் தள்ளியிருக்கும் கப்பல்காரருக்கு.

ரையைச் சுற்றி இது படிப்படியாக நடந்தது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சர் ரிச்சர்ட் கில்ஃபோர்ட், ரைக்குக் கிழக்கே இருந்த உவர்ச் சதுப்பைப் பெற்று அடைக்கத் தொடங்கினார். மீட்ட நிலத்தில் எழுந்த குடியிருப்புக்கு அவர் குடும்பப் பெயரே நிலைத்தது. அதன் தேவாலயம் 1505இல் திருநிலைப்படுத்தப்பட்டது. சில ஆண்டுகளில், 1512க்கும் 1514க்கும் இடையே, அவர் மகன் சர் எட்வர்ட் கில்ஃபோர்ட் கேம்பரின் வாயைக் காக்கச் சரளை முனையில் ஒரு காவல் கோபுரம் கட்டினார். துறையின் நீரைக் குறைத்தவர் தந்தை. அந்தத் துறைக்கு அரண் எழுப்பியவர் மகன். சதுப்பும் துறையும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது அன்றைய ஆட்சியாளர் வகுப்பின் பார்வையில் படவேயில்லை என்பதை இந்த ஒரு குடும்பத்தின் வரலாறே காட்டுகிறது.

அந்தக் கோபுரத்தை எட்டாம் ஹென்றி 1539க்குப் பின் பெரிய கோட்டையாக விரிவாக்கினார். நூறு ஆண்டுக்குள், 1630களில், காவல் காக்கக் கடல் அருகில் இல்லாததால் அது கைவிடப்பட்டது. கோட்டைக்கு வெளியே வரிவரியாகக் கிடக்கும் சரளை மேடுகள், கடற்கரை எந்தெந்த நிலையில் முன்னேறியது என்பதற்கான இயற்கைப் பதிவேடு. புவியியலாளர் டபிள்யூ. வி. லூயிஸ் 1932இல் டஞ்சனஸ் முனையின் தோற்றத்தை விளக்க இத்தகைய மேடுகளின் திசைகளையே ஆதாரமாகக் கொண்டார்.

5. குற்றச்சாட்டுகளின் எடை

இனி மூன்று விளக்கங்களையும் எதிரெதிரே நிறுத்தலாம்.

முதலாவது, இயற்கை. சரளையின் கிழக்கு நகர்வு கில்ஃபோர்ட் குடும்பத்தின் கரைகளுக்காகக் காத்திருக்கவில்லை. கோட்டையைக் கடலிலிருந்து பிரித்த மேடுகளை எந்த நிலவுடைமையாளரும் கொட்டவில்லை. ஹைத், ராம்னி, சாண்ட்விச் ஆகியவையும் தூர்ந்து போயின. ஒவ்வோர் இடத்திலும் உள்ளூர்க் காரணம் வேறாக இருந்தும் முடிவு ஒன்றாகவே அமைந்தது, வட்டாரம் முழுவதையும் தழுவிய இயக்கம் ஒன்றைச் சுட்டுகிறது.

இரண்டாவது, கரையடைப்பு. இங்கே காரணமும் விளைவும் சுழல்கின்றன. சதுப்பு ஓரளவு வண்டல் படிந்து உயர்ந்த பிறகே அதை அடைப்பது இலாபகரம். எனவே தூர்தல் முதலில், அடைப்பு அதன்பின் என்று நிலவுடைமையாளர் வாதிட இடமுண்டு. ஆனால் அடைத்ததும் ஓதநீரின் அளவு குறைகிறது, அலசும் வேகம் தளர்கிறது, அடுத்த சதுப்பு இன்னும் விரைவாக உயர்கிறது, அதையும் அடைக்கிறார்கள். அடைப்பு இச்சுழலைத் தொடங்கிவைக்காமல் இருந்திருக்கலாம், முடுக்கியது உறுதி.

இதில் சான்றுகளின் இயல்பையும் கவனிக்க வேண்டும். நம் கையில் இருப்பவை பெரும்பாலும் மனுக்கள். உதவியும் வரிச்சலுகையும் வேண்டி நகரம் எழுதிய மனுவில், பழி சுமத்த ஓர் ஆள் தேவைப்பட்டார். பழி எப்போதும் சதுப்பை அடைத்தவர்மேலேயே விழுந்ததும் அல்ல. 1548-49இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், கப்பல்கள் அடிப்பாரமாக ஏற்றிவரும் கல்லையும் மண்ணையும் கேம்பரில் கொட்டுவதைத்தான் தடுக்க முயன்றது. அந்த வழக்கத்தின் குற்றவாளிகள் துறையின் வாடிக்கையாளர்களே. மறுபுறம், கரைகளையும் மதகுகளையும் மேற்பார்த்த வடிகால் ஆணையங்களில் அமர்ந்தவர்கள் அந்த நிலங்களின் சொந்தக்காரர்கள். தம் ஆதாயத்தைத் தாமே தீர்ப்பிடும் இடத்தில் அவர்கள் இருந்தார்கள். நகரத்தின் மனுக்கள் மிகைப்படுத்தியவை என்பதனாலேயே அவை பொய்யாகிவிடவில்லை.

மூன்றாவது, வணிகம். 1558இல் கலே பிரெஞ்சுக்காரர் வசமானது, அங்கே மரமும் விறகும் அனுப்பிவந்த ரைக்கு அடி. 1562இல் தொடங்கிய பிரான்சின் மதப் போர்கள் நார்மண்டி வணிகத்தைக் குலைத்தன. அதே போர்கள் ஹூகனோ எனப்படும் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட் அகதிகளை, குறிப்பாக 1572இன் பார்த்தலோமியோ படுகொலைக்குப் பின், பெருமளவில் ரைக்குக் கொண்டுவந்தன. 1563 முதல் கொள்ளைநோய் திரும்பத் திரும்ப வந்தது. லண்டன் மற்றத் துறைகளின் வணிகத்தை உறிஞ்சிக்கொண்டது. வணிகம் சுருங்கினால் துறைவரி சுருங்கும். துறைவரி சுருங்கினால் தூர்வாரப் பணமில்லை. ஆனால் இந்த விளக்கமும் தனித்து நிற்காது. ஆழமான துறை இருந்திருந்தால் அமைதி திரும்பியபோது வணிகமும் திரும்பியிருக்கும்.

6. டோவர் என்னும் ஒப்பீடு

மூன்று விளக்கங்களையும் ஒருசேரச் சோதிக்க உதவும் ஊர் டோவர். அங்கும் சரளை கிழக்கே நகர்ந்தது; 16ஆம் நூற்றாண்டில் துறையின் வாயையே அடைத்தது. ஆனால் டோவரில் நடந்தது வேறு. 1581இல் நாடாளுமன்றம் டோவர் துறையின் சீரமைப்புக்காக வணிகக் கப்பல்களிடம் டன் கணக்கில் வரி வாங்கச் சட்டம் இயற்றியது. அந்தப் பணத்தைக் கொண்டு 1583இல், கணித அறிஞர் தாமஸ் டிக்ஸின் மேற்பார்வையில், கரைகள் எழுப்பி ஒரு பெரிய நீர்த்தேக்கம் அமைத்தார்கள். உயர் ஓதத்தில் தேக்கிய நீரை வற்றும் நேரத்தில் மதகு வழியே திறந்துவிட்டுத் துறையின் வாயை அலசுவதே திட்டம்.

அந்தக் கரைகளைக் கட்டியவர்கள் ராம்னி சதுப்பின் கரைவேலைக்காரர்கள். அவர்களுடைய முறையே சிறந்தது என்று வாதாடிய கெண்ட் மாவட்டத்தவர் ரெஜினால்ட் ஸ்காட், ஹாலின்ஷெட் வரலாற்றின் 1587ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தப் பணியை விவரித்திருக்கிறார். ரையைச் சுற்றி இயற்கையாகவே இருந்த ஒரு பெரும் நீர்த்தேக்கத்தை, அதாவது சதுப்பை, கடலிடமிருந்து பிரிக்கப் பயன்பட்டது எந்தத் தொழில்நுட்பமோ, அதே தொழில்நுட்பம் டோவரில் இல்லாத நீர்த்தேக்கத்தை உண்டாக்கப் பயன்பட்டது. ஓதநீரின் அலசும் வலிமையை அக்காலத்தவர் அறியாமல் இல்லை. அறிந்திருந்தும் ஓரிடத்தில் அதற்குப் பணம் கொடுத்தார்கள். வேறிடத்தில் அதை மேய்ச்சலுக்கு விற்றார்கள். 1606இல் அரச பட்டயத்தின் மூலம் டோவருக்கெனத் தனித் துறைமுக வாரியமும் அமைந்தது.

ரைக்கும் பணம் வந்தது, காலம் கடந்து. 18ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் நாடாளுமன்ற ஒப்புதலோடு வின்செல்சிக்குத் தெற்கே சரளைக் கரையை வெட்டிப் புதுத் துறைமுகம் அமைக்கும் வேலை தொடங்கியது. நிதியும் முடிவும் தள்ளாடின. பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1763இல் அறிக்கை கொடுத்தார். 1787 ஜூலையில் திறந்த துறைமுகத்தை அதே ஆண்டு முடிவதற்குள் கைவிட்டார்கள். ஆறு பழைய வழிக்கே திரும்பியது. ஓயாமல் சரளை வரும் கரையில், அலசிச் செல்லப் போதிய நீரில்லாமல் ஒரு வாயைத் திறந்து வைக்க முடியாது என்பதை அந்தச் சில மாதங்கள் மெய்ப்பித்தன. இயற்கையைக் காரணம் காட்டுவோரும் கரையடைப்பைக் காரணம் காட்டுவோரும் இந்தத் தோல்வியைத் தத்தம் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தே செயல்பட்டன என்பதே பொருத்தமான வாசிப்பு.

7. வீழ்ச்சி என்பதன் அளவு

ரை துறைமுகம் இறந்துவிட்டது என்று சொல்வது மிகை. 18ஆம் நூற்றாண்டில் கள்ளக்கடத்தல் செழித்தது; 1740களில் ஹாக்கர்ஸ்ட் கும்பல் ரையின் மெர்மெய்ட் விடுதிக்கு அச்சமின்றி வந்துபோனது. பெரிய கப்பல் நுழைய முடியாத, ஓடைகள் பின்னிய கரை அந்தத் தொழிலுக்கு மிகவும் தோதானது. 19ஆம் நூற்றாண்டில் மரப்படகு கட்டும் தொழில் வேரூன்றியது. 1851இல் ரயில் வந்தது. இன்றும் மீன்பிடிப் படகுகள் ராதர் ஆற்றில் கட்டப்பட்டிருக்கின்றன; தாழ் ஓதத்தில் அவை சேற்றில் அமர்கின்றன. துறைமுகத்தின் நிர்வாகம் நாட்டின் சுற்றுச்சூழல் முகமையிடம் இருக்கிறது. அதே முகமைதான் வெள்ளத் தடுப்புக் கரைகளுக்கும் பொறுப்பு. நீரும் நிலமும் ஒரே அமைப்பின் பொறுப்புக்குள் வர ஐந்நூறு ஆண்டு பிடித்திருக்கிறது.

நாம் இன்று ரசிக்கும் ரையும் அந்தத் தேக்கத்தின் விளைபொருளே. வணிகம் வளர்ந்திருந்தால் கூழாங்கல் பாவிய தெருக்களும் மரச்சட்ட வீடுகளும் இடிபட்டுக் கிடங்குகளாகியிருக்கும். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் 1890களின் இறுதியில் இங்குள்ள லாம் இல்லத்துக்குக் குடிவந்ததற்கு ஊரின் பழமையும் அமைதியும்தான் காரணம்.

8. முடிவுரை

ரையைக் கடல் கைவிட்டது என்னும் வழக்கு மூன்று செய்திகளை மறைக்கிறது. அந்தத் துறை ஒரு பேரிடரின் தற்காலிகக் கொடை. அதன் நீரைத் தனியார் நிலமாக மாற்ற அரசும் சட்டமும் இடங்கொடுத்தன. அதைக் காக்கும் வழி அண்டை ஊரில் தெரிந்தே இருந்தது. துறை தூர்வது இயற்கையின் போக்கு. எவ்வளவு விரைவில் தூர்வது, யாருடைய இழப்பில் தூர்வது என்பவை மனிதர் எடுத்த முடிவுகள். ரை டோவராகியிருக்கும் என்று சொல்ல முடியாது. அதன் ஆயுள் சில தலைமுறைகள் நீண்டிருக்கும் என்று சொல்லலாம்.

இந்த வேறுபாடு இன்றைக்கும் பயன்படும். ராதர் வாய்க்கு மேற்கே சேரும் சரளையை லாரிகளில் ஏற்றி, அது புறப்பட்ட பெட் கரைக்கே திருப்பிக் கொட்டுகிறார்கள். இல்லாவிட்டால் மீட்ட நிலங்களுக்குள் கடல் புகும். 2011இல் ரை துறைமுக இயற்கைக் காப்பகத்தில் ஒரு பண்ணை நிலத்துக்குள் ஓதநீரை வேண்டுமென்றே மீண்டும் விட்டு உவர்ச் சதுப்பை உருவாக்கினார்கள். கடல்மட்டம் உயரும் காலத்தில் எந்த நிலத்தைக் காப்பது, எதைக் கடலுக்கு விடுவது என்ற முடிவுகள் இந்தக் கரையில் இனி அடிக்கடி எடுக்கப்படும். அவற்றையும் கடலின் செயல் என்று எழுதிவைத்தால், யார் கேட்டு, யார் கொடுத்து, யார் இழந்தார்கள் என்பதைப் பின்வரும் வரலாற்றாளர் மறுபடியும் மனுக்களின் நடுவே தேட வேண்டியிருக்கும்.